பெரிய டிரம்மோடு நீ இறங்கிய இடம்

இன்று காலை குற்றாலம் ரோட்டில் நடந்து வரும்போது ரைஸ்மில்லில் எஞ்சினைக் கிளப்பினார்கள். முதலில் இருமல் மாதிரி ஒரு சத்தம். பிறகு கறுப்புப் புகை. பிறகு சூடான எண்ணெயும் உமித்தூசியும் கலந்த அந்த வாசனை. நான் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்த சைக்கிள்காரர் திட்டிக்கொண்டே ஒதுங்கிப் போனார். நீ வருடக்கணக்கில் மூட்டை சுமந்த மில் அது. ஆனால் எனக்கு ஞாபகம் வந்தது மில் இல்லை. வயிறு பெருத்த அந்த ராணுவ ஹெலிகாப்டருக்குள் நாம் முதன்முதலாக ஏறி உட்கார்ந்ததும் மூக்கை உறிஞ்சிவிட்டு நீ சொன்னதுதான்: "ஏலே, நம்ம ரைஸ்மில் வாசம்லா இது! பயப்படாத. வானத்துல போய் நெல்லு அரைக்கப் போறோம்."

லீவில் வந்து ஒரு வாரம் ஆகிறது. சாரல் தொடங்கிவிட்டது. அருவியில் குளிக்க வெளியூர்க் கார்கள் வரிசையாகப் போகின்றன. டீக்கடையில் நான் போய் உட்கார்ந்தால் பெஞ்சு நிறைந்துவிடுகிறது. "ஹெலிகாப்டர்ல போனியாமே, மேலேருந்து பாத்தா எப்படிடே இருக்கும்?" எல்லோருக்கும் அதுதான் வேண்டும். உன்னைப் பற்றிக் கேட்க வந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். "பாவம், அவன் விதி" என்றார் கடைக்கார அண்ணாச்சி. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அந்த ஹெலிகாப்டரில் யார் ஏறலாம், யார் ஏறக் கூடாது என்று முடிவு செய்தது விதி இல்லை. எனக்குத் தெரியும். நான் உள்ளே இருந்தேன்.

இந்த ஊரில் நாம் இரண்டு பேரும் பேண்டு செட்டில் இருந்த காலத்தை ரொம்ப இனிமையாக நினைத்துப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் வாசித்தவர்கள் இல்லை. கல்யாண ஊர்வலம் மேலத்தெருவுக்குள் திரும்புகிற முனையில் நாம் செருப்பைக் கழற்றிவிட வேண்டும். யாரும் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை, கால் தானாகக் கழற்றிவிடும். உடம்பில் சரிகை வைத்த சிவப்புக் கோட்டு, தலையில் தொப்பி, கீழே வெறுங்கால். சித்திரை வெயிலில் தரை கொதிக்கும். நீ பெரிய டிரம்மை வயிற்றில் கட்டிக்கொண்டு காலை மாற்றி மாற்றித் தூக்கி வைப்பாய். பார்க்கிறவர்கள் நீ ஆடுகிறாய் என்று நினைத்துக் கை தட்டுவார்கள். ஒருமுறை மாப்பிள்ளையின் மாமா உன் கோட்டில் ஒரு ரூபாய் நோட்டைக் குத்திவிட்டுப் போனார். "சூடு தாங்காம துள்ளுதேன், அதுக்குக் காசு குத்துதான் பாரு" என்று என் காதில் சொன்னாய். எனக்குச் சிரிப்பு வந்து, ஊதிக்கொண்டிருந்த கார்னெட் குழலில் சுதி போய்விட்டது.

ஊருக்குள் பழகவும் முடியாது. மாலையில் ஊதினால் மேலத்தெருவிலிருந்து ஆள் வந்துவிடும். அதனால் ஐப்பசி மழைக்குத் தண்ணீர் கொட்டி, கூட்டம் இல்லாத நாட்களில் ஐந்தருவிக்குப் போவோம். அந்த இரைச்சலில் நான் ஊதுவது எனக்கே கேட்காது. நீ என் விரலைப் பார்த்து அடிப்பாய், நான் உன் தோளைப் பார்த்து ஊதுவேன். பேச வேண்டும் என்றால் வாயை மட்டும் அசைத்தால் போதும். அப்படிப் பேசியே பழகிவிட்டோம். உனக்குக் கல்யாணப் பேச்சு வந்தது, பெண் பீடி சுற்றுகிற வீட்டுப் பெண் என்பது, உனக்குப் பிடித்திருக்கிறது என்பது எல்லாம் நீ சத்தமே இல்லாமல் அருவியடியில் எனக்குச் சொன்னவை.

பட்டாளத்தில் பேண்டுக்கும் ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தியைக் கொண்டுவந்தவன் நீதான். சாப்பாடு, சம்பளம், ரயில் பாஸ் என்று நான் கேட்டுக்கொண்டே போனேன். உனக்கு அதில் எதுவும் பெரிதாகப் படவில்லை. "பூட்ஸ் போட்டுக்கிட்டுக் கொட்டலாமாம்லே" என்றாய். அதற்காகத்தான் போனோம். தேசபக்தி என்று பிறகு மேடைகளில் சொன்னார்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் நாம் போனது பூட்சுக்காக. பூட்ஸ் கொடுத்த அன்று நாம் தங்கிய பாரக்கின் சிமெண்டுத் தரையில் நீ இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மிதித்து நடந்தாய். "கேக்குதாலே? மேலத்தெரு வரைக்கும் கேக்கும்லா?" என்றாய்.

அங்கேயும் சொர்க்கம் ஒன்றும் இல்லை. துப்பாக்கி பிடித்தவர்களுக்கு நாம் பீப்பீக்காரர்கள். அதிகாரிகள் விருந்து சாப்பிடும்போது பனி கொட்டுகிற வராந்தாவில் நின்று வாசிப்போம். செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை, அவ்வளவுதான். வாசலுக்கு வெளியேதான் நிறுத்தினார்கள்.

ஊரில் யாருக்கும் தெரியாத ஒன்று உண்டு. பட்டாளத்தில் பேண்டுக்காரனுக்கு இரண்டு வேலை. சண்டை என்று வந்துவிட்டால் வாத்தியத்தை வைத்துவிட்டு ஸ்ட்ரெச்சரைத் தூக்க வேண்டும். அதற்கும் பயிற்சி கொடுத்தார்கள். ஸ்ட்ரெச்சருக்கு நான்கு பேர். எனக்குத் தலைப்பக்கம், உனக்குக் கால்பக்கம். தலைப்பக்கம் நிற்கிறவன் படுத்திருப்பவனின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது, டாக்டர் கையில் ஒப்படைக்கும்வரை அவனை விட்டு நகரக் கூடாது என்பது நமக்குச் சொல்லிக்கொடுத்த ஒழுங்கு. பயிற்சியில் நோயாளியாகப் படுப்பதற்கு நீதான் எப்போதும் முந்துவாய். மேடு ஏறும்போது கண்ணைத் திறந்து, "மெல்லத் தூக்குங்கலே, எழவு வீடு மாதிரி ஆட்டுதீங்க" என்பாய்.

எல்லை மலையில், மேகத்துக்கு மேலே இருந்த ஒரு காவல் முகாமுக்கு ஒரு பெரிய மனிதர் வருகிறார், வரவேற்பு வாசிக்க ஆறு பேர் போக வேண்டும் என்றார்கள். நடந்து போனால் நாள் கணக்கில் ஆகும் இடம். ஹெலிகாப்டரில் போகிறோம் என்றதும் மற்ற நான்கு பேரும் சாமி கும்பிட்டார்கள். அந்த ஆறில் ஒருவரான நம் பேண்டு ஹவில்தார் வேலூர்ப் பக்கத்துக்காரர், வாத்தியங்களை எண்ணி ஏற்றிய பிறகுதான் நம்மை எண்ணினார்.

கிளம்பியதும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். தகரம் முழுவதும் நடுங்கியது, என் பல்லும் நடுங்கியது. ஒருவன் கத்துவது அடுத்தவனுக்குக் கேட்கவில்லை. நீ என் முழங்காலில் தட்டினாய். கண்ணைத் திறந்தால் உன் வாய் அசைகிறது: "அருவிக்குள்ள நிக்க மாதிரி இருக்குலா?" அதன் பிறகு வழி முழுவதும் சன்னல் உனக்கு, உன் வாய் எனக்கு. பாலம் என்றாய். கோவேறு கழுதைகள், எறும்பு மாதிரி என்றாய். ஆறு, வெள்ளை நூல் விழுந்து கிடக்கிற மாதிரி என்றாய். "வெளிய பாருலே சவமே, சர்க்கார் சும்மா காட்டுது" என்றாய். நான் பார்க்கவில்லை. டீக்கடையில் கேட்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியதெல்லாம் உன் வாயில் நான் படித்ததுதான்.

மேலே இறங்கினோம். தகரக் கொட்டகைகள், மண்மூட்டைகள், காற்று. குளிரில் பித்தளை உதட்டைக் கடிக்கும் என்று வாய் வைத்து ஊதும் முனையைக் கழற்றி எல்லோரும் கக்கத்தில் வைத்துக்கொண்டோம். ஹெலிகாப்டர் பெரிய மனிதரை அழைத்துவரத் திரும்பிப் போனது. நீ டீ கிடைக்குமா என்று சமையல் கொட்டகைப் பக்கம் போனாய். திரும்பி வரும்போது உன் முகம் மாறியிருந்தது.

"இங்கன வாலே" என்று என்னை இழுத்துக்கொண்டு போனாய்.

கொட்டகைக்குப் பின்னால் கம்பளிகளுக்குள் ஒருவன் கிடந்தான். முகாமுக்குத் தண்ணீர் சுமக்கிறவன். சிப்பாய்கூட இல்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு விடும்போது உள்ளே தண்ணீர் கொதிப்பது போலச் சத்தம் வந்தது. பக்கத்தில் இருந்த மருத்துவ உதவியாளன் பையன், மலை உயரத்தால் நெஞ்சில் நீர் கோத்துவிட்டது, கீழே இறக்கினால்தான் பிழைப்பான், இரண்டு நாளாகக் கம்பியில்லாத் தந்தியில் ஹெலிகாப்டர் கேட்கிறோம், மேகம் என்று சொல்கிறார்கள் என்றான். நீ அண்ணாந்து பார்த்தாய். வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது.

"இன்னைக்கு மேகம் எங்க போச்சு? லீவுல ஊருக்குப் போயிருக்கோ?" என்று தமிழில் அவனிடம் கேட்டாய். புரியாமலே அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

பெரிய மனிதர் வந்தார். அந்தக் கொட்டகை கண்ணில் படாமல் இருக்கத் தார்ப்பாய் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். தேசிய கீதம் வாசித்தோம், இரண்டு மார்ச் வாசித்தோம். அவர் பேசினார். லட்டு சாப்பிட்டார். நம் வரிசைக்கு வந்து உன் டிரம்மைத் தட்டிப் பார்த்து, எந்த ஊர் என்றார். தென்காசி என்றாய். தெரிந்தவர் போலத் தலையாட்டினார். ஹெலிகாப்டர் அவரை ஏற்றிக்கொண்டு மலையிறங்கிப் போனது. பேண்டை எடுத்துப்போக அது இன்னொரு நடை வரும். பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறத் தொடங்கியிருந்தது.

காத்திருந்த நேரத்தில் நீ ஹவில்தாரிடம் போனாய்.

"அவனை ஏத்திட்டுப் போயிருவோம் ஹவில்தார்."

"அதுக்கு மேலேருந்து ஆர்டர் வரணும்டா."

"இதுக்கு மேல என்ன இருக்கு? வானம்தான இருக்கு."

"வெளாடாத. எடம் ஆறு பேருக்கு. வாத்தியம் வேற."

"ஒருத்தன் இறங்கிக்கிட்டா?"

"எவன் இறங்குவான்? நாளைக்கு மெஸ்ல அவருக்கு விருந்து. யார் இல்லாம வாசிக்கிறது?"

"நான் இறங்குதேன். பெரிய டிரம்மும் என்கூட இறங்கட்டும். கனம் சரியாப் போவும்."

"டிரம் என் பொறுப்புல இருக்குடா!"

"டிரம்மு உங்க பொறுப்பு. அவன் யாரு பொறுப்பு?"

ஹவில்தார் ஏறி வரும் மேகத்தைப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. இருபது வருடமாக ஆர்டரைக் கேட்டே பழகியவர். நீ குரலை இறக்கினாய். "ஹவில்தார், நாம ஸ்ட்ரெச்சர் பார்ட்டிலா. அதுக்கும் சேத்துத்தான சோறு போடுதான்?"

ஹெலிகாப்டர் இறங்கியதும் ஹவில்தார் குனிந்து ஓடிப்போய் பைலட்டிடம் கேட்டார். திரும்பி வந்து சொன்னார்: எடைதான் அவன் கவலையாம், யாரை ஏற்றுவது என்பது நம் கவலையாம், சீக்கிரம் என்கிறான். அவ்வளவுதான் விஷயம். இரண்டு நாளாக ஒரு உயிருக்குக் கிடைக்காத அனுமதி, கேட்டதும் கிடைத்தது. கேட்க ஒரு டிரம்காரன் வேண்டியிருந்தது.

ஸ்ட்ரெச்சரைத் தூக்கி ஓடினோம். எனக்குத் தலைப்பக்கம். நீ கால்பக்கம் நின்று உள்ளே தள்ளிவிட்டு, ஏற்கனவே ஏற்றியிருந்த டிரம்மை வெளியே இழுத்தாய். நானும் உன்னோடு இறங்குவதற்கு எழுந்தேன். நீ என் மார்பில் கை வைத்துத் தள்ளினாய். உன் வாய் அசைந்தது: "நீ தலைப்பக்கம்லே. அவன் மூஞ்சியப் பாரு. நாளைக்கு வாரேன்."

கதவு மூடுவதற்குள் நான் பார்த்தது இது. விசிறிக் காற்று டிரம்மை உருட்டிக்கொண்டு போகப் பார்க்கிறது. நீ அதன்மேல் விழுந்து இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறாய். தொப்பி பறந்துவிட்டது. தலையைக் குனிந்திருந்ததால் முகம் தெரியவில்லை.

இறங்கி வரும்போதும் நான் வெளியே பார்க்கவில்லை. அவன் தலை என் மடியில் இருந்தது. மூச்சு நிற்கிற மாதிரி இருந்தபோதெல்லாம் கன்னத்தைத் தட்டினேன். ஆஸ்பத்திரி டாக்டர் அவனைப் பார்த்துவிட்டு, இன்னும் ஓர் இரவு மேலே இருந்திருந்தால் பிணம்தான் என்றார்.

மறுநாள் விருந்தில் பெரிய டிரம் இல்லாமல் வாசித்தோம். சாப்பிட்டவர்கள் யாருக்கும் எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை.

நீ மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. நான் கேட்கப் போனேன். ஹவில்தாரும் எனக்காகக் கேட்டார். ஒரு பேண்டுக்காரனுக்காக ஹெலிகாப்டர் கிளம்பாது என்றார்கள். மேலே பிடித்த மழை விட்டதும் கோவேறு கழுதைகளோடு நீ நடந்து இறங்கினாயாம். டிரம்மை முதல் கழுதைமேல் கட்டி முன்னால் அனுப்பிவிட்டு, கழுதைக்காரனோடு கதை பேசிக்கொண்டு கடைசியில் வந்தாயாம். மலை சரிந்தது கடைசியில் வந்த இரண்டு பேர்மேல். டிரம் ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தது. ஹவில்தார் அதை ஸ்டோருக்குள் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் வெளியே வரவில்லை.

உன்னைத் தோண்டி எடுத்து மேலேயே எரித்தார்கள். பட்டாளத்தில் எவன் செத்தாலும் பியூகிள் ஊத வேண்டும். எத்தனையோ பேருக்கு நாம் போய் ஊதியிருக்கிறோம். உனக்கு ஊத ஆள் இல்லை. என்னை மேலே அனுப்புங்கள் என்று கேட்டேன். ஹெலிகாப்டர் வேறு வேலையில் இருக்கிறது என்றார்கள். ஒருவர் லட்டு சாப்பிடுவதற்கு ஆறு பேரை வாத்தியத்தோடு தூக்கிக்கொண்டு போன ஹெலிகாப்டர் அது. ஹவில்தார், கீழேயே நின்று ஊதடா, மனசு ஆறும் என்றார். நான் ஊதவில்லை. மேலே கேட்காத இடத்தில் நின்று ஊதி யாருக்குக் காட்ட?

அந்தத் தண்ணீர்க்காரனை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். எழுந்து உட்கார்ந்து பால் குடித்துக்கொண்டிருந்தான். கட்டிலுக்கு மேலே பத்திரிகையிலிருந்து கிழித்த படம் ஒன்று ஒட்டியிருந்தது. யார் படம் என்று நினைக்கிறாய்? அந்தப் பெரிய மனிதர்தான். தான் கிடந்த கோலத்தை அவர் பார்த்துவிட்டாராம், மனம் இளகித் தன் ஹெலிகாப்டரைத் திருப்பி அனுப்பினாராம். வார்டு முழுவதும் சொல்லி வைத்திருந்தான். எனக்குத் தெரிந்த இந்தியில் நான் நடந்ததைச் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான். என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்களும் நல்லவர்கள்தான், ஆனால் அவர் சொல்லாமல் ஹெலிகாப்டர் எப்படி வரும் என்றான். பக்கத்துக் கட்டில்காரர்களும் ஆமாம் என்றார்கள். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. தன்னைப் போல ஒருவன் தனக்காக இறங்கி நிற்பான் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. கிடைத்தால் உயரத்தில் இருப்பவன் கொடுத்துத்தான் கிடைக்கும் என்று நம்மையெல்லாம் பழக்கி வைத்திருக்கிறார்கள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

ஊருக்கு வந்த மறுநாள் உன் வீட்டுக்குப் போனேன். மதினி மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். வாரும் என்றாள். கை நிற்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். இலையை நறுக்கிக்கொண்டே கேட்டாள்:

"அந்த ஆளு பொழச்சானா?"

"பொழச்சிட்டான் மதினி."

"புள்ள குட்டி உண்டுமா?"

"தெரியல."

"இவுக பேரு அவனுக்குத் தெரியுமா?"

சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. படத்தைப் பற்றிச் சொன்னேன். கத்தரி நின்றது.

"யாரு, லட்டு தின்னுட்டுப் போனானே அவனா?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை நீ பார்த்திருக்க மாட்டாய். "நீரு சொல்லலியா?"

"சொன்னேன். நம்பல."

"எத்தன வாட்டி சொன்னீரு?"

"ஒரு வாட்டி."

"ஒரு வாட்டி சொன்னா எவன் நம்புவான்? எனக்கு இவுக செத்ததயே தந்தியில ஒரு வாட்டி சொன்னப்ப நான் நம்பலியே. அடுத்த தெருவுக்காரன் தந்தியத்தான் மாத்திக் கொண்டாந்துட்டான்னு திருப்பி அனுப்பிட்டேன்லா."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் மறுபடி கத்தரியை எடுத்தாள்.

"அந்தப் படத்தைக் கிழிக்கச் சொல்லாண்டாம். அவன் கும்பிட்டுட்டுப் போறான். இவுக பேரை மட்டும் அவன் வாயால ஒருக்கா சொல்லச் சொல்லும் கொழுந்தனாரே. நான் அங்கன வந்து கேக்கவா போறேன்? நீரு கேட்டா போதும்."

நாளை சாயங்காலம் எனக்கு ரயில். அந்த ஆள் இப்போது ஆஸ்பத்திரியில் இருக்க மாட்டான். உடம்பு தேறியதும் மறுபடி ஏதாவது ஒரு மலைக்குத் தண்ணீர் சுமக்க அனுப்பியிருப்பார்கள். தேடிப் போவேன். லீவு தரமாட்டார்கள், கேட்டுக்கொண்டே இருப்பேன். உன் பெயர் அவன் நாக்கில் சுலபமாக வராது. நடுவில் உள்ள எழுத்தில் தடுக்கும். உடைத்து உடைத்துச் சொல்லிக்கொடுப்பேன். அவன் சிரிப்பான், நம்ப மாட்டான். மறுபடி சொல்லுவேன்.

ஊரைவிட்டு ஒதுங்கி வயல்வெளியில் தனியாக நடந்து, அவனிடம் சொல்ல வேண்டியதை இந்தியில் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். திருத்துவதற்கு நீ இல்லை. இப்போதைக்கு இவ்வளவு வந்திருக்கிறது: உனக்காக ஹெலிகாப்டர் வரவில்லை, அண்ணே. உனக்காக ஒருவன் அதிலிருந்து இறங்கினான். அவன் பெயரைச் சொல்.